இடைநின்று இசைவிக்கும் மென்பொருள்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பிறமொழி வழங்கும் நகரில் வாழும் நமக்கு, நல்ல மொழிபெயர்ப்பாளரின் அருமை நன்கு தெரியும். கணிப்பொறி உலகிலும் அத்தகைய ஒருவர் உண்டு. ‘வைன்’ என்பது அம்மென்பொருளின் பெயர். விண்டோஸுக்கென எழுதப்பட்ட மென்பொருள்களை லினக்ஸில் இயங்கச் செய்வது அதன் பணி. 1993-இல் தொடங்கிய இம்முயற்சியின் 1.0 பதிப்பு 2008-இல்தான் வெளிவந்தது. இத்துணைக் காலம் ஏன் ஆயிற்று என்பதை இருவகைப் பிழைகளைக் கொண்டு விளக்க விழைகின்றோம்.

முதலாவது, விசைப்பலகை. ஒரு விசையை அழுத்திப் பிடித்தால், விண்டோஸ் ‘அழுத்தம், அழுத்தம்’ என்றே அறிவிக்கும். விரலை எடுத்த பின்னரே ‘விடுப்பு’ என்னும். லினக்ஸில் நெடுங்காலமாக வழங்கும் ‘எக்ஸ்’ என்னும் சாளர முறையோ, இயல்பாக ‘அழுத்தம், விடுப்பு, அழுத்தம், விடுப்பு’ என்று மாறி மாறிச் சொல்லும். இதனை அவ்வாறே எடுத்துரைத்தால், விளையாட்டில் ஓடவேண்டிய வீரன் நின்று நின்று நடப்பான். இடைப்பட்ட பொய் விடுப்புகளை அனுப்பற்க என்று எக்ஸிடம் முன்னரே கேட்டுக்கொள்வதே தீர்வு. சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது மொழிபெயர்ப்பு ஆகாது என்பதற்கு இது சான்றன்றோ?

இரண்டாவது, இழைகளின் ஒத்திசைவு. ஒரு மென்பொருள் தன் வேலையைப் பல இழைகளாகப் பிரித்து ஒரே வேளையில் நடத்தும். திருமண வீட்டில் பல சமையற்காரர்கள் வேலை செய்வதை எண்ணிப் பாருங்கள். ‘அண்டாவும் கரண்டியும் ஒருங்கே கிடைத்தால் இரண்டையும் எடுப்பேன், இல்லையேல் எதனையும் தொடேன்’ என்று ஒருவர் காத்திருக்கலாம். விண்டோஸ் இவ்வசதியைத் தருகிறது; லினக்ஸில் இதற்கு நேரான ஏற்பாடு முன்பு இல்லை. ஆதலின் வைன், ‘வைன்சர்வர்’ என்னும் களஞ்சியக் காப்பாளரை அமர்த்தியது. கணக்குப் பிழையாது, ஆயினும் ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஓடவேண்டியிருந்தமையால் வேகம் குன்றியது. 2018-இல் வந்த ‘ஈசிங்க்’ விரைவு தந்தது. ஆனால் அனைத்தையும் ஒரே கணத்தில் எடுக்க அதனால் இயலவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, ஒன்று கிடையாவிடில் எடுத்தவற்றைத் திருப்பி வைக்கும். அவ்விடைவெளியில் நேர்வதே அரிய பிழை. ஆயிரம் முறைக்கு ஒருமுறை தோன்றும். கண்காணிக்க முற்பட்டாலோ மறைந்துவிடும்!

எலிசபெத் ஃபிகுரா என்னும் அம்மையார் எழுதிய ‘என்டிசிங்க்’ இதற்கு விடை கண்டது. விண்டோஸின் அவ்வொழுங்கையே லினக்ஸின் கெர்னலுக்குள் அமைத்தது அது. 2025 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 6.14-இல் அது முழுமையாக இடம்பெற்றது. விரைவும் வாய்மையும் ஒருங்கே கிட்டின.

இதனால் நமக்கு என்ன பயன்? யூனிகோடு பரவுமுன் எத்தனையோ தமிழ்க் கட்டுரைகள் வெவ்வேறு குறியேற்றங்களில் தட்டெழுதப்பட்டன. அவற்றை ஆக்கிய பழைய மென்பொருள்கள் பலவற்றைப் பேணுவார் இலர். அவை இயங்காதொழிந்தால், அவற்றையே நம்பியிருக்கும் எழுத்தும் நமக்கு எட்டாததாகிவிடும். அவற்றை மீண்டும் இயக்கிப் பார்க்க வைன் ஒரு வழி.

எனவே, இளைஞர்களே! அத்தகைய மென்பொருளை வைனில் ஓட்டிப் பாருங்கள். பழுது கண்டால் ‘ஓடவில்லை’ என்று சொல்லி அமையாதீர்கள். எந்தப் பதிப்பு, எந்த விசை, எதன்பின் எது நிகழ்ந்தது என வரிசையாக எழுதி, அதனை ஆக்குவோர்க்கு அனுப்புங்கள். தெளிவாக உரைக்கப்பட்ட பிழை பாதி தீர்ந்த பிழையாகும். அதுவும் தமிழ்த் தொண்டே.

வாழ்க தமிழ்!