காட்டில் ஆடிய பத்து வியாபாரிகள்



பத்து ஜவுளி வியாபாரிகள் வெளியூரில் சரக்கை விற்றுவிட்டுக் கைநிறையப் பணத்தோடு ஊர் திரும்புகிறார்கள். வழியில் அடர்ந்த காடு. கத்தியும் தடியுமாக மூன்று திருடர்கள் மறிக்கிறார்கள். பத்துப் பேரிடமும் ஆயுதம் எதுவும் இல்லை. மடியில் இருந்தது போயிற்று, உடுத்தியிருந்த துணியும் போயிற்று. ஆளுக்கொரு கோவணம்தான் மிச்சம். அத்தோடு விட்டிருந்தால் திருடர்கள் தப்பியிருப்பார்கள். பத்துப் பேரை வென்றுவிட்டோம் என்ற தலைக்கனத்தில் மூவரும் ராஜாக்களைப் போல உட்கார்ந்துகொண்டு, "ஆடிக் காட்டிவிட்டுப் போங்கள்" என்கிறார்கள்.

வியாபாரிகளில் ஒருவர் கெட்டிக்காரர். அவர் பாட, மற்றவர்கள் ஆடத் தொடங்குகிறார்கள். வாங்க வந்தவருக்கு விலை புரியாதபடி ஜவுளிக்காரர்கள் தங்களுக்குள் எண்களுக்கு வேறு பெயர் வைத்திருப்பார்கள். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள் என்று இலக்கண வகுப்பில் படித்தோமே, அந்தக் குழூஉக்குறிதான். பாட்டில் அந்த எண்களே வருகின்றன. நாம் பத்துப் பேர், அவர்கள் மூன்று பேர், ஒருவனுக்கு மூவராகச் சூழ்ந்தால் நம்மில் ஒருவர் மிச்சம். அடிக்கு அடி 'தா தை தோம்' என்று ஜதி விழுகிறது. திருடர்கள் தலையாட்டிக் கேட்கிறார்கள். ஆட்டம் சுழன்று சுழன்று நெருங்குகிறது. கடைசி ஜதியில் ஒவ்வொரு திருடன் மேலும் மும்மூன்று பேர் விழுகிறார்கள். மிஞ்சிய ஒருவர் கட்டிப்போடுகிறார்.

இந்தக் கதை 1890இல் லண்டனில் வெளியான 'டேல்ஸ் ஆஃப் த சன்' என்ற ஆங்கிலப் புத்தகத்தில் இருக்கிறது. தென்னிந்தியக் கதைகளின் தொகுப்பு அது. இரண்டே ஆண்டில், சிட்னியில் பிறந்து லண்டனில் எழுதிவந்த ஜோசப் ஜேக்கப்ஸ் இதை எடுத்துத் தம்முடைய 'இந்தியன் ஃபேரி டேல்ஸ்' நூலில் ஆங்கிலக் குழந்தைகளுக்காகச் சொன்னார். வியாபாரிகளின் ரகசிய எண்களை என்ன செய்வது? அப்படியே விட்டால் லண்டன் குழந்தைக்கும் திருடனைப் போலவே ஒன்றும் விளங்காது. நேரடியாக ஒன்று, மூன்று, பத்து என்று எழுதினால் திருடனுக்கும் விளங்கிவிடும், கதையே இல்லை. லண்டன் தெருவியாபாரிகளிடம் ஒரு பேச்சு இருந்தது. சொல்லைப் பின்னாலிருந்து திருப்பிச் சொல்வார்கள். ஜேக்கப்ஸ் அந்தப் பேச்சில் எண்களைப் போட்டார். மாற்றியதைப் பின்குறிப்பில் ஒளிக்காமல் சொல்லியும் வைத்தார். ஆனால் 'தா தை தோம்' என்ற ஜதியில் கை வைக்கவில்லை. எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்று தெரிந்த கை அது. தலைப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை. செருக்குற்றவன் வீழ்வான் என்று பொருள்படும் பழமொழியைத் தலையில் கட்டி, பாடியவரின் மூளைக்குச் சேரவேண்டிய கதையைத் திருடர்களுக்கான புத்திமதியாக்கிவிட்டார்கள்.

சீனத்துக் குரங்கு வீரன் கதையும் இப்படித்தான் ஆங்கிலத்துக்குப் போனது. ஆர்தர் வேலி 1942இல் 'மங்கி' என்று அதை வெளியிட்டபோது நூறு அத்தியாயங்களில் முப்பதை மட்டும் வைத்துக்கொண்டார். அந்தக் கதையில் வரும் துறவிக்கு மூலமான சீனப் பயணி யுவான் சுவாங் நம் காஞ்சிபுரம்வரை வந்தவர் என்பது அதைப் படித்து மகிழ்ந்த இங்கிலாந்துக்காரர் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்!

சுருக்கலாம், மாற்றலாம். சொன்னவர் பெயர்தான் எனக்குப் பெரிய விஷயம். 'டேல்ஸ் ஆஃப் த சன்' முகப்பில் முதலில் வருவது திருமதி ஹோவர்ட் கிங்ஸ்கோட். அடுத்ததாகப் பண்டித நடேச சாஸ்திரி. சாஸ்திரியோ 1884 முதலே தென்னிந்தியக் கதைகளை ஆங்கிலத்தில் பகுதி பகுதியாகப் புத்தகமாக்கியவர். தமிழிலும் 'திராவிட பூர்வகாலக் கதைகள்' தந்தவர். அவருக்காவது இரண்டாம் இடம் கிடைத்தது. அவருக்குக் கதை சொன்னவர்களுக்கு? 1868இல் மேரி ஃப்ரியர் 'ஓல்ட் டெக்கன் டேஸ்' எழுதியபோது, கதைகளைச் சொன்ன ஆயா அன்னா லிபராட்டா டி சௌசாவின் பெயரையும் வாழ்க்கைக் கதையையும் நூலிலேயே சேர்த்தார். மும்பை கவர்னரின் மகள் அந்தக் காலத்தில் அதைச் செய்திருக்கிறார்.

கேரளத்து வித்துராவில் இருந்துகொண்டு இதைப் பேசக் காரணம் உண்டு. பொன்முடிக்கும் அகத்தியர் மலைக்கும் போகிறவர்கள் கடந்து செல்லும் ஊர் இது. இங்கே ஐசர் என்னும் அறிவியல் கல்வி நிறுவனத்தின் வளாகத்தில் நாட்டின் பல மூலைகளிலிருந்து வந்த பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களுக்குள் பொதுமொழி ஆங்கிலம். அவர்களிடம் ஒரு கதை சொல்ல வேண்டுமானால் ஆங்கிலத்தில்தான் சொல்லியாக வேண்டும். சுற்றியுள்ள காடுகளில் காணி என்னும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய பூசாரியான பிலாத்தி, கொக்கரை என்னும் இரும்புக் கருவியை உரசிக்கொண்டு சாற்றுப்பாட்டு என்னும் சடங்குப் பாட்டைப் பாடுவார். அதை ஆங்கிலத்தில் சொல்லத் துணிகிறவர்கள், ஜேக்கப்ஸ் ஜதியை விட்டுவைத்தது போல, அந்தக் கொக்கரைச் சத்தத்துக்கு இடம் விடவேண்டும்.

1987இல் விஞ்ஞானிகள் சிலர் இந்தக் காட்டுக்குள் போனபோது, கூட வந்த காணிகள் களைப்புத் தெரியாமலிருக்க ஒரு காயைத் தின்றார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற செடி அது. அதிலிருந்து, பக்கத்துப் பாலோட்டில் இருக்கும் தாவரவியல் பூங்காவில் 'ஜீவனி' மருந்து உருவானது. மருந்து நிறுவனத்திடமிருந்து வந்த உரிமத் தொகையில் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. காட்டுச் செடியைக் காட்டியவர்களுக்குப் பங்கு உண்டு என்று இந்த வட்டாரமே ஒருமுறை ஒப்புக்கொண்டிருக்கிறது. கதையைச் சொன்னவருக்கும் அது உண்டு. ஐசர் பிள்ளைகளே, நாளை உங்களில் யாராவது ஒரு காணிக் கதையை ஆங்கிலத்தில் எழுதினால், சொன்னவரிடம் அனுமதி கேளுங்கள். அவர் சம்மதித்தால், உங்கள் பெயருக்கு முன்னால் அவர் பெயரைப் போடுங்கள்.