பழைய எழுத்தைப் புதிய முறைக்கு மாற்றல்

(ஆண்டு விழாவையொட்டி அட்டாளைச்சேனையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது பழைய ஆண்டு மலர்களை எல்லோரும் கைபேசியிற் படிக்கும்படி செய்யவேண்டுமென்று இளைஞர்கள் முனைந்திருக்கிறார்கள். நல்ல முயற்சி. கணினியில் இட்டால் நொடியில் மாறிவிடும் என்றும் சொல்கிறார்கள். அதுபற்றியே இன்று பேசவந்தேன்.

முதலில், இளைஞர் பலர் கற்கும் தொழிலிலிருந்து ஓர் உதாரணம். இணையப் பக்கங்களை அமைக்கக் கூகுள் நிறுவனம் ஆங்குலர் என்னும் சாதனத்தை வழங்குகிறது. ‘இது இருந்தால் காட்டு’, ‘பட்டியலை ஒவ்வொன்றாகக் காட்டு’ என்னும் கட்டளைகளை முன்பு குறிச்சொல்லோடு ஒட்டி எழுதினர். 2023 நவம்பரில் வந்த 17ஆம் பதிப்பு, அவற்றைத் தனிக்கட்டங்களாக எழுதும் முறையைத் தந்தது. 2025 மே மாதத்தில் வந்த 20ஆம் பதிப்பு, பழைய முறை வழக்கொழியும் என அறிவித்தது. எழுதிக் குவித்த பக்கங்களையெல்லாம் கையால் மாற்றுவது யார்? ஆகவே மாற்றும் கருவியையும் உடன் கொடுத்தார்கள்.

அக்கருவி சொல்லுக்குச் சொல் மாற்றுவதன்று. ‘இல்லையேல்’ என்னும் பகுதி பழைய முறையில் வேறோரிடத்திலே ஒரு பெயரோடு கிடக்கும். அதைத் தேடியெடுத்து உரிய இடத்திற் சேர்க்கவேண்டும். அமைப்பை அறியாமல் இஃது ஆகாது. மேலும், பட்டியலின் ஒவ்வொரு வரியையும் எதைக்கொண்டு அடையாளங்காண்பது என்பதைப் புதிய முறையிற் கட்டாயம் சொல்லவேண்டும். பழைய முறையிற் சொல்லாமலும் விடலாம். அவ்வாறு விட்ட இடத்தைக் கருவி தானாகவே நிரப்பும். நிரப்பியது பொருத்தமோ என்பதை அப்பக்கத்தை எழுதியவரே அறிவார்.

நிற்க. நமது மலர்களுக்கு வருவோம். அவை பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை. அங்கே கணினி அறிந்தது ஆங்கில எழுத்தையே. அதன்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தினார்கள். ‘ஜே’ என்னும் ஆங்கில எழுத்தின் இடத்திலே ‘த’ நிற்கும். அவ்வெழுத்துரு இல்லாத கைபேசியில் ‘தமிழ்’ என்ற சொல்லே பொருளற்ற ஆங்கிலக் குவியலாகத் தோன்றும். யூனிக்கோடு முறையோ 1991 முதல் தமிழுக்கெனத் தனியிடம் ஒதுக்கியுள்ளது.

பாமினியிற் கொம்பை முன்னே தட்டுவோம். யூனிக்கோட்டில் எழுத்து முன்னும் கொம்பு பின்னுமாக நிற்கும். ஆகவே வரிசையையும் மாற்றவேண்டும். ‘வௌவால்’ என்பதன் ‘வௌ’வுக்கும் ‘வெள்ளம்’ என்பதன் ‘வெள’வுக்கும் பாமினியில் ஒரே தட்டெழுத்துக்கள். அடுத்து வரும் புள்ளியைப் பாராத கருவி ‘வௌ்ளம்’ என்று எழுதிவிடும். ‘வெளியீடு’ என்பது ‘வௌியீடு’ ஆகிவிடும். இப்பிழைகளை இணையத்தில் நீங்களே கண்டிருப்பீர்கள்.

அயலெழுத்தைப் பார்க்கும் நல்ல கருவி இதைத் தவிர்க்கும். ஆனால் அரவு தட்டவேண்டிய இடத்தில் ‘ர’ தட்டியிருந்தால் என் செய்யும்? தாளிலே இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தன; எவரும் குறை காணவில்லை. கருவி அதனை ‘ர’ என்றே மாற்றும். பின்னர் அந்தப் பெயரைத் தேடினால் அகப்படாது. இடையில் வந்த ஆங்கிலச் சொல்லையும் தமிழென எண்ணிக் குலைத்துவிடும்.

அன்பர்களே, அம்மலர்களில் இருப்பவை மறைந்த ஆசிரியர்களின் பெயர்கள், நன்கொடை தந்த குடும்பங்களின் பெயர்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் புகுந்த கரை இது. பல வீடுகளில் அச்சுப்பிரதி இல்லை. இனி நாம் வெளியிடுவதையே பேரப்பிள்ளைகள் உண்மையென்று கொள்வார்கள்.

ஆகையால் மூன்று காரியங்கள் வேண்டும். மூலக்கோப்பை அழியாது வையுங்கள். முதலில் ஒரே ஒரு மலரை மட்டும் மாற்றிப் பாருங்கள். பின்பு பெரியவர் ஒருவர் அச்சுப்பிரதியை வாய்விட்டுப் படிக்க, இளைஞர் ஒருவர் திரையிற் சரிபார்க்கட்டும். ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் அறிந்த பெரியோர் மாலையில் ஒரு மணி நேரம் தந்தால், இவ்வேலை செவ்வனே நிறைவேறும். யார் யார் வருகிறீர்கள் என்று இன்றே பெயர் கொடுத்துச் செல்லுங்கள்.