முள் சுற்றி வரும் நேரம்

இந்தப் பேச்சைக் கேட்க உங்களுடைய ஒரு கை எனக்கு வேண்டும். எந்தக் கை சும்மா இருக்கிறதோ அதைத் தொடைமேல் வையுங்கள். பினாங்குப் பாலத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் மட்டும் ஸ்டீயரிங்கை விட்டுவிடாமல் மனத்துக்குள் போட்டுக்கொள்ளுங்கள். ஆதி தாளம். ஒரு தட்டு, பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், திரும்பவும் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டு எண்ணிக்கை ஆயிற்று, கை மறுபடி முதல் தட்டுக்கு வந்துவிட்டது. இப்படி ஒருமுறை சுற்றி வருவதைத்தான் ஆவர்த்தனம் என்கிறோம்.

சின்ன வயதில் ஆயர் ஈத்தாமில், எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழ்வீட்டில், இரண்டு வருடம் மிருதங்க வகுப்புக்குப் போனேன். கற்றுக்கொண்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை, போனேன். வாத்தியார் வாயாலேயே பாட்டை எடுப்பார். சில பாட்டு தட்டு விழும் இடத்திலேயே தொடங்கும், அது சமம். சிலது தட்டு விழுந்த பிறகு அரை இடம் தள்ளித் தொடங்கும், அனாகதம். தட்டுக்கு முன்னாலேயே கிளம்பிவிடுவதும் உண்டு, அதீதம். எனக்கு மூன்றும் ஒன்றுதான். பாட்டு எங்கே தொடங்கினாலும் நான் அதற்கு முன்னாலேயே தொடங்கிவிடுவேன். வாத்தியார் கையில் இருக்கும் பென்சிலால் என் முழங்காலில் ஒன்று வைப்பார். "கை ஓடுது, காது ஓடலையே" என்பார்.

அந்தப் பென்சிலைப் பல வருடம் கழித்து எனக்கு ஞாபகப்படுத்தியது ஒரு வீடியோ கேம். இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான். கேம் என்றதும் ரேடியோவை அணைக்கப் போகும் தாத்தா பாட்டிகளே, கொஞ்சம் பொறுங்கள். தாளம் போடத் தெரிந்தவர்களுக்கு இது பேரப்பிள்ளைகளைவிடச் சீக்கிரம் புரியும்.

2002-ஆம் ஆண்டு வாக்கில் என் தம்பி டவுனுக்குப் போய் ஐந்து வெள்ளிக்கு ஒரு வட்டு வாங்கி வந்தான். அசலா என்று கேட்காதீர்கள், அந்தக் காலத்தில் ஐந்து வெள்ளிக்கு என்ன கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். பெயர் ஷேடோ ஹார்ட்ஸ். பிளேஸ்டேஷன் 2-இல் போட்டு விளையாடுவது. கதாபாத்திரங்களை வழிநடத்திக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கதையை நகர்த்தும் வகை விளையாட்டு. இந்த வகையில் சண்டை வந்தால் பெரும்பாலும் தாயம் ஆடுவது மாதிரி நடக்கும். உன் முறை, என் முறை. 'அடி' என்று தேர்ந்தெடுத்துவிட்டால் நம் ஆள் போய் அடித்துவிட்டுத் திரும்பி வந்து நிற்பான். நமக்கு வேலை இல்லை. எழுந்து போய் ஒரு கோப்பி கலக்கிக்கொண்டு வரலாம். என் தம்பி அப்படித்தான் மற்ற ஆட்டங்களை ஆடிக்கொண்டிருந்தான்.

இந்த ஆட்டத்தில் கோப்பி கலக்க முடியவில்லை. 'அடி' என்றதும் திரையில் ஒரு வட்டம் தோன்றும். ஜட்ஜ்மென்ட் ரிங், தமிழில் தீர்ப்பு வளையம் என்று சொல்லலாம். கடிகாரத்தின் முகம் மாதிரி இருக்கும், ஆனால் எண்கள் கிடையாது, முள்ளும் ஒன்றே ஒன்றுதான். வட்டத்தில் இரண்டு மூன்று இடங்களில் பீட்சாத் துண்டு மாதிரி வண்ணம் பூசியிருக்கும். முள் கிளம்பி ஒரு சுற்று வரும். அது வண்ணத்துக்குள் இருக்கும்போது பொத்தானை அழுத்த வேண்டும். மூன்று துண்டு என்றால் மூன்று முறை. வெளியே அழுத்தினால் அத்துடன் உங்கள் முறை முடிந்தது. அடிக்க மட்டும் இல்லை, மந்திரம் போட, காயத்துக்கு மருந்து கொடுக்க, எல்லாவற்றுக்கும் இந்த வளையம் வந்து நிற்கும். எதிரிகளும் சும்மா இருப்பதில்லை. முள்ளை வேகப்படுத்துவார்கள், வட்டத்தைச் சுருக்கிவிடுவார்கள். போதாக்குறைக்கு ஒவ்வொரு ஆளுக்கும் சித்தம் கலங்காமல் இருக்க ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு முறையும் அது குறையும். தீர்ந்துபோனால் ஆள் நம் பேச்சைக் கேட்க மாட்டான்.

செய்தவர்கள் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1997-இல் ஜப்பானில் தொடங்கிய சக்னாத் என்ற சின்ன நிறுவனம். பிறகு நாட்டிலஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. கதையும் இயக்கமும் மாட்சுசோ மச்சிடா. முதல் ஆட்டம் 2001 ஜூனில் வந்தது. அதற்கு அடுத்த மாதமே ஃபைனல் ஃபேன்டசி 10 வெளியானது. தீபாவளிக்கு ரஜினி படம் வரும்போது அதன் பக்கத்தில் வெளியான படத்தின் நிலைமை உங்களுக்குத் தெரியும். ஆனாலும் தாக்குப்பிடித்து 2004-இலும் 2005-இலும் இன்னும் இரண்டு பாகம் வந்தன.

முதல் கதை 1913-இல் சைபீரிய ரயிலில் தொடங்கிச் சீனா வழியாகப் போகிறது. இரண்டாவது 1915-இல் பிரான்சில் தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவே, 1914 அக்டோபர் 28 அன்று, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் இந்த ஜார்ஜ்டவுன் துறைமுகத்துக்குள் பொய்யாக ஒரு புகைபோக்கியை மாட்டிக்கொண்டு நுழைந்து ருஷ்யக் கப்பல் செம்சுக்கை மூழ்கடித்தது. மச்சிடாவுக்கு யாராவது சொல்லியிருக்கலாம். ருஷ்யத் தாய்க்குப் பிறந்த கதாநாயகனை ஒருமுறை பினாங்குக்கும் கூட்டி வந்திருப்பார்.

அந்த ஆட்டத்தை ஜப்பானில் வெளியிட்ட அருஸ் என்ற நிறுவனத்துக்கு இன்னொரு தொழில் இருந்தது. பச்சிஸ்லாட் என்னும் சூதாட்ட இயந்திரங்கள் செய்வது. நமக்குத் தெரிந்த ஸ்லாட் இயந்திரத்தில் உருளைகள் தாமாக நிற்கும். ஜப்பானியர்களின் இயந்திரத்தில் மூன்று உருளைக்கும் மூன்று பொத்தான், ஆடுபவர்தான் ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும். கண்ணால் பார்த்து, படம் வரும் நேரம் கணித்து அழுத்துவதற்கு மெஓஷி என்று ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள். ஆனால் உள்ளே ஒரு சூட்சுமம் உண்டு. நீங்கள் அழுத்திய இடத்திலேயே உருளை நிற்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நாலு படம் வரை வழுக்கிப் போய் நிற்கலாம். பரிசு உண்டா இல்லையா என்பதை இயந்திரம் உள்ளேயே குலுக்கிப்போட்டு முடிவுசெய்திருக்கும். தீர்ப்பு வளையம் அந்த ஏமாற்று வேலை செய்வதில்லை. அழுத்திய இடத்தில் முள் இருந்தால் இருந்ததுதான். எனக்கு அந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்தது இந்த நேர்மைதான்.

இதை வேகமான கை உள்ளவர்களின் விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். எதிர்பாராமல் ஒரு விளக்கு எரிந்தால் அதைப் பார்த்துக் கையை அசைக்க மனிதனுக்கு ஏறக்குறைய கால் நொடி ஆகிறது. முள் வண்ணத்துக்குள் நுழைந்ததைப் பார்த்த பிறகு அழுத்தலாம் என்று காத்திருந்தால், கை போய்ச் சேருவதற்குள் முள் போய்விடும். ஆனால் முள் எதிர்பாராமல் வருவதில்லை. அது எந்த வேகத்தில் வருகிறது என்பது கிளம்பிய உடனே தெரிந்துவிடுகிறது. அந்த வேகத்தை உடம்பில் வாங்கிக்கொண்டு, அது வந்து சேரும் இடத்துக்கு நாம் முன்னாலேயே போய் நிற்க வேண்டும். நேயர்களே, தாளத்தில் எடுப்பு என்று சொல்வது இதைத்தானே? தட்டு விழுவதைக் கேட்டுவிட்டுப் பாடத் தொடங்குகிற பாடகர் யாரும் இல்லை. தட்டு எங்கே விழும் என்று அவருக்குத் தெரியும்.

கார்ன்வாலிஸ் கோட்டைக்குப் பக்கத்தில் நிற்கும் மணிக்கூண்டை நான் எத்தனையோ தடவை அண்ணாந்து பார்த்திருக்கிறேன். விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்து 60 ஆண்டு ஆனதற்காக, ஆண்டுக்கு ஓர் அடி என்று 60 அடி உயரத்தில், சியா சென் ஈயோக் என்ற சீனச் செல்வந்தர் கட்டிக் கொடுத்தது. விழா நடந்தது 1897-இல். கூண்டு கட்டி முடிந்தது 1902-இல். ராணி 1901-இலேயே காலமாகிவிட்டார். நேரம் காட்டக் கட்டிய கூண்டே எடுப்பைத் தவறவிட்டிருக்கிறது, நான் எம்மாத்திரம்!

சரி, வளையத்துக்கு வருகிறேன். அந்த வண்ணத் துண்டின் கடைசி ஓரத்தில் நூல் மாதிரி ஒரு சிவப்புக் கோடு இருக்கும். வண்ணத்துக்குள் எங்கே அழுத்தினாலும் அடி விழும். சிவப்புக் கோட்டில் அழுத்தினால் அடி இன்னும் பலமாக விழும். ஆனால் அதற்கு ஒரு மயிரிழை தள்ளி, வண்ணத்துக்கு வெளியே. யோசித்துப் பாருங்கள். முள் பாதுகாப்பான இடத்துக்குள் வந்துவிட்டது, இப்போதே அழுத்தலாம். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் கூடக் கிடைக்கும். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் கையில் இருந்ததும் போய்விடும். இவ்வளவையும் ஒரு நொடிக்குள் யோசிக்க வேண்டும்.

இதில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. நான் வழக்கம்போல முந்திக்கொள்ளும் கட்சி. வண்ணத்தின் நுனியிலேயே அழுத்திவிட்டுப் பெருமூச்சு விடுவேன். என் அடியெல்லாம் தடவிக்கொடுத்த மாதிரிதான் விழும். தம்பி சிவப்பைத் தவிர வேறெதையும் தொட மாட்டான். மூன்றில் இரண்டு முறை கோட்டைத் தாண்டிவிட்டு, "தொட்டேன்லா, அது எடுக்கலை" என்று கைப்பிடியைக் குறை சொல்வான். ஒரு மாதம் கழிந்தது. ஒருநாள் அவன் திரையைப் பார்க்கவே இல்லை. தொடையில் இடது கை விரல் எண்ணிக்கொண்டிருந்தது. சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், அழுத்து. சிவப்பு. மிருதங்க வகுப்புக்கு ஒருநாள்கூடப் போகாதவன் அவன்.

சில மாதங்களுக்கு முன் அந்தப் பழைய பெட்டியைத் தூசி தட்டி எடுத்து, ஹாலில் இருக்கும் பெரிய தட்டைத் தொலைக்காட்சியில் மாட்டினேன். ஒரு வளையம்கூடச் சரியாக விழவில்லை. எல்லாம் தாண்டிப் போகிறது. வயசாகிவிட்டது என்று நான் கைப்பிடியைக் கீழே வைத்தபோது, தம்பி மகன் ரிமோட்டை எடுத்து எங்கெங்கோ போய் 'கேம் மோட்' என்று ஒன்றைப் போட்டான். "பெரியப்பா, உங்க கை லேட்டு இல்ல, டிவிதான் லேட்டு" என்றான். பழைய குண்டுத் தொலைக்காட்சியில் படம் வந்த வேகத்தில் அப்படியே திரையில் விழும். இப்போதைய திரைகள் படத்தை வாங்கி, மெருகு போட்டு, அழகாக்கிவிட்டுத்தான் காட்டுகின்றன. கண்ணுக்குத் தெரியாத தாமதம், ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. படம் பார்க்க அது ஒன்றும் பண்ணாது. சிவப்புக் கோட்டுக்கு அது ஒரு யுகம்.

இதைக் கேட்டுச் சிரிக்கும் நேயர்களே, உங்கள் வீட்டிலும் சோதிக்கலாம். ஹாலில் வானொலிப் பெட்டியிலும் அறைக்குள் கைப்பேசிச் செயலியிலும் இந்த நிகழ்ச்சியையே வையுங்கள். கைப்பேசியில் நான் சில நொடி பின்தங்கி வருவேன். இரண்டுக்கும் நடுவே நின்று ஆதி தாளம் போட்டுப் பாருங்கள். வாத்தியாரின் பென்சிலுக்கு நிறைய வேலை இருக்கும்.

வளையம் பழைய கதையாகிவிடவில்லை. 2022-இல் மச்சிடா, பென்னி பிளட் என்ற புதிய ஆட்டத்துக்கு ரசிகர்களிடமே நிதி திரட்டினார். அதிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வட்டம் உண்டு. 2025 ஏப்ரலில் பிரான்சிலிருந்து வந்த கிளேர் ஆப்ஸ்கியூர் என்ற ஆட்டத்திலும் முறை வைத்துத்தான் சண்டை, ஆனால் எதிரி ஓங்கும் நேரம் பார்த்துப் பொத்தானைத் தட்டித் தடுக்க வேண்டும். அந்த ஆண்டு டிசம்பரில் கேம் அவார்ட்ஸ் விழாவில் ஆண்டின் சிறந்த ஆட்டம் என்ற விருது அதற்குப் போனது. தம்பி மகன் அதில்தான் இப்போது மூழ்கியிருக்கிறான். அவன் தொடையிலும் விரல் எண்ணுகிறதா என்று பார்த்தேன். இல்லை, தலையை ஆட்டுகிறான். அது அவன் பாணி.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஷேடோ ஹார்ட்ஸில் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கும்போதும் இந்த வளையத்தை வைத்துப் பேரம் பேசலாம். முள்ளைச் சரியாக நிறுத்தினால் விலை குறையும். ஒருநாள் மாலை தம்பி அந்தக் கடையில் மாட்டிக்கொண்டு தவித்தான். அம்மா பின்னால் நின்று, மடித்துக்கொண்டிருந்த துணியோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாவுடன் லிட்டில் இந்தியாவுக்குச் சேலை எடுக்கப் போனவர்களுக்குத்தான் அவருடைய பேரம் தெரியும். அதிகம் பேச மாட்டார். சேலையைப் பிரித்துப் பார்ப்பார், முந்தானையை வெளிச்சத்தில் பிடிப்பார், விலையைக் கேட்பார், மடித்து வைத்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். வாசலைப் பார்த்து ஒரு அடி, இரண்டு அடி. கடைக்காரர் கணக்குப் புத்தகத்திலிருந்து தலை தூக்க மாட்டார். மூன்றாவது அடி. செருப்பில் ஒரு கால் நுழைந்திருக்கும். "அக்கா, இருங்கக்கா" என்று குரல் வரும். அந்த ஒரு கால் செருப்புதான் அம்மாவின் சிவப்புக் கோடு. இரண்டு காலும் நுழைந்துவிட்டால் பிறகு திரும்ப முடியாது, மானம் போய்விடும். எனக்குத் தெரிந்து அவர் இரண்டாவது செருப்பைப் போட்டதே இல்லை.

அன்று தம்பி நாலாவது முறையும் முன்னாலேயே அழுத்திவிட்டு விலை குறையவில்லை என்று கத்தினான். அம்மா துணியை உதறி மடித்துக்கொண்டே சொன்னார்: "என்னடா அவசரம் உனக்கு? கடைக்காரன் இன்னும் உன்னை நிமிர்ந்தே பார்க்கலையே."