வெயிலில் ஓடலாமா?

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் பேசியது)



"பத்து நிமிஷம் பேசு, இன்ஜினியரிங் வேண்டாம்" என்று செயலாளர் அண்ணன் சொன்னார். கொஞ்சம் வரும், பொறுத்துக்கணும்.

நான் குடியிருப்பது கே.கே. நகரில். விடியற்காலை ஐந்து மணிக்கு ஆயுதப்படை மைதானத்துப் பக்கத்துச் சாலைகளில் போய்ப் பாருங்கள். வாக்கிங் போகும் பெரியவர்கள் ஒரு பக்கம், காவலர் தேர்வுக்கு ஓடிப் பழகும் பையன்கள் ஒரு பக்கம். 1500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓட வேண்டும். அக்னி நட்சத்திரம் என்று தேர்வு காத்திருக்குமா? ஆகவே "வெயிலில் ஓடாதே" என்று நான் சொல்லப்போவதில்லை. எப்படி ஓடுவது என்பதுதான் பேச்சு.

நம் உடம்பு ஒரு கூலிங் டவர். தசைக்குக் கிடைக்கும் சக்தியில் கால்பங்குதான் ஓட்டமாகிறது, மிச்சம் முழுக்கச் சூடு. 60 கிலோ ஆள் ஒரு மணி நேரத்தில் 10 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 450 கிலோகலோரி வெப்பம் வெளியேற வேண்டும். வெளியேறாவிட்டால் ஏழு நிமிஷத்துக்கு ஒரு டிகிரி வீதம் உடம்பு சூடேறும். காப்பாற்றுவது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி போய்விடும். ஆனால் ஆவியாகணும். சொட்டிக் கீழே விழுந்த வியர்வையால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

எனவே வெயிலை மட்டும் பார்த்தால் போதாது, புழுக்கத்தையும் பார்க்கணும். 2019-இல் தோஹாவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில், வெப்பத்துக்குப் பயந்து பெண்கள் மராத்தானை நள்ளிரவில் வைத்தார்கள். சூரியனே இல்லை. ஆனால் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல். புறப்பட்டவர் 68 பேர், முடிக்காதவர் 28 பேர்! எல்லாரும் உலகத்தர வீராங்கனைகள். நம்ம ஊரிலும் விடியற்காலையில்தான் ஈரப்பதம் அதிகம். இருந்தாலும் வெயில் ஏறாததால் அதுதான் நல்ல நேரம். பனியன் நனைந்து காயவே இல்லை என்றால் மட்டும் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். சாயங்காலம் ஐந்து மணியை நான் நம்புவதில்லை. மலைக்கோட்டைப் பாறையை இரவு எட்டு மணிக்குத் தொட்டுப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும்.

தம்பிகளுக்கு ஒரு செய்தி. 2024-இல் ஜார்க்கண்டில் கலால் காவலர் தேர்வு. ஆண்களுக்கு ஒரு மணி நேரத்தில் 10 கிலோமீட்டர். பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இறந்துபோனார்கள். அதன்பின் அரசு தேர்வைச் சில நாள் நிறுத்தி, காலை 9 மணிக்கு மேல் ஓடவிடக் கூடாது என்றது. உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். முதல் நாள் இருபது நிமிஷம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. விடுதியில் ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டுத் தேர்வுக்கு முதல் வாரம் ஓடுவது ஆபத்து. துபாயிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்து இறங்கிய மறுநாளே "நான் பழைய ஆளுடா" என்று ஓடும் அண்ணன்மார்களுக்கும் இது பொருந்தும்.

போன மே மாதம் எங்கள் தெருவில் காலை எட்டரைக்கு ஒரு பையன் தள்ளாடி விழுந்தான். கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் உளறினான். ஒருவர் சோடாவுக்கு ஓடினார், இருவர் எந்த ஆஸ்பத்திரி என்று விவாதம். ரிட்டையரான பெரியவர் ஒருவர்தான் தோட்டத்து ஹோஸைத் திறந்து தலை முதல் கால் வரை தண்ணீர் அடித்தார், இன்னொருவரை விசிறச் சொன்னார். 108 வரும்வரை அவர் நிறுத்தவே இல்லை. பையன் பிழைத்தான். மருத்துவர்கள் சொல்வதும் அதுதான்: உளறல் வந்துவிட்டால் முதலில் குளிர வை, பிறகு வண்டியில் ஏற்று. நினைவு தவறியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

குடிப்பதற்கு? நீர்மோர், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, நீராகாரம், எல்லாம் நம்ம வீட்டிலேயே இருக்கிறது. அரை மணி நடைக்குச் சாதாரணத் தண்ணீரே போதும், வண்ண பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். மே மாதத்தில் பிற்பகல் இரண்டு மணிக்கு நாம் நடத்தும் சீனியர்–ஜூனியர் கிரிக்கெட்டைக் காலை ஆறு மணிக்கு மாற்ற வேண்டும். எல்லைக்கோட்டருகே ஒரு பெரிய தொட்டியில் தண்ணீர், பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு பார் ஐஸ். ஐஸ் செலவு என்னுடையது. ஆறு மணிக்கு எழுந்து வர மாட்டோம் என்கிற அண்ணன்மார்கள் பொருளாளரிடம் இன்றே பெயர் கொடுத்துவிடுங்கள், ஸ்கோர் எழுத ஆள் வேண்டும்.