ஒரே நாளில் மதுரை

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மாலிகாவ் இரயில்வே காலனியில் இருபது ஆண்டுகளாக வசிக்கும் நான், ஊருக்குப் போவதென்றால் இரயிலைத் தவிர வேறொன்றை நினைத்தவன் அல்லேன். உண்ட சோற்றுக்கு விசுவாசம் ஒருபுறம் இருக்க, பாஸ் கையில் இருக்கும்போது பணம் கொடுத்து யார் பறப்பார்? ஆயினும் 2024 ஜனவரியில் பறக்க நேர்ந்தது. அதைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்திருக்கிறார்.

மதுரையில் என் தாயாருக்கு இருதய அறுவைச் சிகிச்சை. வயது எழுபத்தாறு. "மூத்தவன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போகமாட்டேன்" என்று கூறிவிட்டார்கள். தம்பி தொலைபேசியில் இதைச் சொன்னபோது இரவு மணி பத்து. இடையில் இருந்தது ஒரே ஒரு பகல். இரயிலில் சென்னையை அடையவே இரண்டு நாட்களுக்கு மேலாகும்.

நம் பாதை ஏன் இத்தனை நீளம் என்பதை இங்குள்ள இளைஞர்கள் அறிந்திருப்பது நலம். 1947க்கு முன் கல்கத்தாவிலிருந்து அஸ்ஸாமுக்கு வந்த வண்டிகள் கிழக்கு வங்காளத்தின் ஊடே வந்தன. பிரிவினை அப்பாதையை அறுத்தது. சிலிகுரி வழியாக இணைப்புப் பாதை அமைத்து 1950 ஜனவரியில் திறந்தார்கள். பிரம்மபுத்திராவின் மேல் சராய்காட் பாலத்தில் வண்டி ஓடியது 1962இல்தான். இன்றும் கௌஹாத்தியிலிருந்து ஹௌராவுக்கு இருப்புப்பாதை சுமார் 1,000 கிலோமீட்டர். வானத்தில் நேர்க்கோடு இழுத்தால் ஏறக்குறைய 500 தான். அக்கோடு வங்கதேசத்தின் மேலே செல்கிறது. இரயில்வேக்காரனாகிய எனக்கு இதைச் சொல்லச் சற்று வருத்தமே.

காலை ஒன்பது மணிக்குப் புறப்பட வேண்டிய விமானம், கல்கத்தாவில் மூடுபனி என்று பதினொன்றரைக்குத்தான் கிளம்பிற்று. அந்த இரண்டரை மணி நேரமும் நான் கடிகாரத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. மாலை விமானம் தவறினால் சென்னையில் இரவு தங்க நேரும். தாயார் காத்திருப்பார்கள், மருத்துவர் காத்திருக்கமாட்டார். இரயிலில் இரண்டாம் வகுப்புப் படுக்கைக்கே 40 கிலோ இலவசமாகக் கொண்டு போகலாம். அங்கோ கைப்பைக்கு 7 கிலோ. அதையும் நிறுத்துப் பார்த்தார்கள். பார்சல் ஆபீசில் பிறர் மூட்டையை நிறுத்தே வயதான என் மூட்டையை வேறொருவர் நிறுத்தது அன்றுதான்!

ஒரு விந்தை சொல்கிறேன். மாலை ஐந்தரைக்கு மீனம்பாக்கத்தில் இறங்கியபோது வெயில் இருந்தது. அந்நேரம் நம் காலனியில் விளக்கேற்றி அரை மணி கடந்திருக்கும். கடிகாரம் நாடு முழுவதற்கும் ஒன்று; சூரியன் ஒன்றாக நடப்பதில்லை. நம் தேயிலைத் தோட்டங்களில் ஒரு மணி முன்னதாக 'பாகான் நேரம்' வைத்திருப்பது இதனாலேயே. அன்றைய பகல் எனக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது.

எங்கள் ஆபீசில் மூத்தவர் ஒருவர் இருந்தார். 1988இல் தந்தையார் காலமானதாகத் தந்தி வந்தது. நான்காம் நாள் திருநெல்வேலியில் இறங்கினார். பால் தெளிப்பும் முடிந்து, வீட்டைக் கழுவி விட்டிருந்தார்களாம். 2013 ஜூலையில் தந்தியே நின்றுவிட்டது. இப்போது செய்தி நொடியில் வருகிறது. மனிதன் போய்ச் சேருவதற்கு மட்டும் பணம் வேண்டியிருக்கிறது.

இரவு பத்தரைக்கு ஆஸ்பத்திரி வாசலை அடைந்தேன். தாயார் விழித்திருந்தார்கள். என் கன்னத்தைத் தடவி, "சாப்பிட்டாயா?" என்றார்கள். பையிலிருந்த அஸ்ஸாம் தேயிலைப் பொட்டலத்தைத் தலையணை அருகே வைக்கச் சொன்னார்கள். மறுநாள் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது.

கடைசி நேரத்தில் வாங்கிய மூன்று டிக்கெட்டுகளுக்கு என் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி போயிற்று. அவ்விரவு பக்கத்து வீட்டு நண்பர் கடன் கொடுத்தார். எல்லோருக்கும் அப்படி அண்டைவீடு அமையாது. ஆகையால் குடும்பத்துக்கு மாதம் நூறு ரூபாய் சேர்த்து, அவசரப் பயண நிதி ஒன்று வைக்க வேண்டுமென்று சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன். வட்டி வேண்டாம், பத்துத் தவணையில் திருப்பினால் போதும். நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் பணம் கிடைக்க வேண்டும். கணக்கு எழுதும் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன்.