இரண்டாம் மாடியில் வகுப்பு: படியேற முடியாத பிள்ளை என்ன செய்யும்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு உரையின் எழுத்து வடிவம்)



ஈப்போவில் ஒரு பழைய கடைவரிசை. அதில் ஒரு தனியார் கல்லூரி. கீழே அலுவலகம், இரண்டாம் மாடியில் வகுப்பு. மின்தூக்கி கிடையாது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்து, எஸ்.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்று, சக்கர நாற்காலியில் வரும் ஒரு மாணவியை அந்த வாசலில் நிறுத்திப் பாருங்கள். மாணவி கற்பனைதான். ஆனால் அப்படிப்பட்ட படிக்கட்டு ஈப்போவிலும் இருக்கிறது, மற்ற பட்டணங்களிலும் இருக்கிறது.

அந்தப் பிள்ளையை யாரும் விரட்டமாட்டார்கள். "பாவம், பையன்கள் தூக்கிவிடுவார்கள்" என்பார்கள். முதல் வாரம் தூக்கவும் செய்வார்கள். தேர்வு வாரம் வந்தால் அவனவன் அவசரம் அவனவனுக்கு. பதினெட்டு வயதுப் பெண் கழிவறைக்குப் போகவும் அடுத்தவர் தோளுக்குக் காத்திருக்க வேண்டுமா? அலுவலகத்தை மேலே ஏற்றி, அவளுடைய வகுப்பைக் கீழே இறக்கினால் காரியம் முடிந்தது. மேசை நாற்காலி தூக்கும் கூலியைத் தவிர பெரிய செலவில்லை.

சட்டம் இதை 'நியாயமான ஏற்பாடு' என்ற பொருளில் சொல்கிறது. நம் நாட்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டம், அதாவது சட்டம் 685, 2008 ஜூலை 7-இல் அமலுக்கு வந்தது. உடற்குறையைக் காட்டி எவரையும் பொதுக் கல்வியிலிருந்து ஒதுக்கக்கூடாது என்கிறது அதன் 28-ஆம் பிரிவு. உயர்கல்வியும் அதில் அடக்கம். கட்டட வசதி, பாடக் கருவி, கற்பிக்கும் முறை ஆகியவற்றில் தக்க ஏற்பாடு செய்யும் பொறுப்பு அரசாங்கத்திற்கு மட்டுமன்றித் தனியார் கல்வி நிலையங்களுக்கும் உண்டு.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். 2008-இல் அந்தச் சட்டம் அமலுக்கு வந்தபோது, மீறும் கல்லூரிக்கு அபராதம் என்று ஒரு வரிகூட அதில் எழுதப்படவில்லை. கூட்டரசு அரசமைப்பின் 8-ஆம் விதியில் பாகுபாடு கூடாது என்ற பட்டியலில் 2001-இல் பாலினம் சேர்ந்தது, உடற்குறை சேரவில்லை. பல்லில்லாத சட்டம் என்ற பேச்சு இதனால்தான் எழுந்தது.

அடுத்து, தேர்வில் கூடுதல் நேரம். "மற்றப் பிள்ளைகளுக்கு அநியாயம் இல்லையா?" என்று விரிவுரையாளர்களே கேட்பதுண்டு. பிரெயில் எழுத்தை விரலால் தடவிப் படிக்கும் மாணவனுக்குக் கேள்வியைப் படித்து முடிக்கவே அதிக நேரம் பிடிக்கும். பதிலைச் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதுவதென்றால் ஒவ்வொரு வரியையும் திருப்பிக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். தேர்வு சோதிப்பது அறிவையா, வேகத்தையா? இந்தியாவில் ஒரு மணி நேரத் தேர்வுக்கு 20 நிமிடம் கூடுதல் என்று வரையறுத்தே இருக்கிறார்கள். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் கோளாறு உள்ள விகாஷ் குமார் என்பவருக்கு அங்குள்ள மத்தியத் தேர்வாணையம் எழுத்தர் தர மறுத்தது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. குறைபாடு குறிப்பிட்ட விழுக்காட்டை எட்டினால்தான் எழுத்தர் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

அமெரிக்காவில் 1962-இல் எட் ராபர்ட்ஸ் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கதை இன்னும் கடினம். இளம்பிள்ளை வாதத்தால் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். இரவில் இரும்பு நுரையீரல் இயந்திரத்துக்குள் உறங்கியவர். எந்த விடுதியிலும் அந்த இயந்திரத்தை வைக்க முடியாததால் வளாக மருத்துவமனையிலேயே தங்கிப் படித்தார். இடமில்லை என்ற பதிலோடு அவர் வீடு திரும்பவில்லை.

நம் பக்கம் வருவோம். பேராக் தோட்டங்களில் லயங்கள் காலியாகி, பால்மரம் இருந்த இடத்தில் செம்பனை வந்து, குடும்பங்கள் பட்டணத்து மலிவு விலை அடுக்குமாடி வீடுகளுக்கு மாறின. வீடு மாறினாலும் ஒரு பழக்கம் மாறவில்லை. குறையுள்ள பிள்ளையை விருந்தாளி வந்தால் உள்ளறையில் உட்கார வைப்பது. தங்கைக்கு வரன் வராதாம்! ஓ.கே.யு. அட்டைக்குப் பதிவு செய்வது கட்டாயமில்லை என்பதால் பலர் அந்தப் பக்கமே போவதில்லை. 'மக்கு' என்று ஆசிரியரிடம் அடி வாங்கிய பையனுக்கு டிஸ்லெக்சியா என்ற எழுத்துத் தடுமாற்றம் இருக்கலாம். அதுவும் கற்றல் குறைபாடு என்ற பிரிவில் பதிவாகும் என்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? ஓ.கே.யு. மாணவர்களுக்கு உயர்கல்வி அமைச்சு தரும் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கவும் அந்த அட்டை வேண்டும்.

பாரம் சமூக நல இலாகாவில் கிடைக்கும். மருத்துவர் அதில் உறுதி செய்ய வேண்டும். ஈப்போ பாலிடெக்னிக் ஆனாலும், கம்பார், தஞ்சோங் மாலிம் பல்கலைக்கழகங்கள் ஆனாலும், தவணை தொடங்குமுன்பே மாணவர் விவகாரப் பிரிவுக்குக் கடிதம் கொடுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் வாய்மொழியாகவே மறந்துபோகும். "உதவி தேவை" என்று பொதுவாக எழுதாதீர்கள். தரைத்தள வகுப்பு, முன்வரிசை இருக்கை, பெரிய எழுத்தில் கேள்வித்தாள், சைகைமொழி பெயர்ப்பாளர், விடுதியில் கழிவறைக்கு அருகில் அறை என்று வேண்டியதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். பிள்ளையே எழுதட்டும், அப்பா கையொப்பமிட்டால் போதும். நகல் ஒன்றில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கி வையுங்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் 28-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு இரண்டாவது கடிதம் நேரே முதல்வருக்குப் போகட்டும்.