கோமோ: ஏரிக்கரையில் ஒரு பள்ளிக்கூடம்



இத்தாலி நாட்டின் வடக்கே, ஆல்ப்ஸ் மலைகளின் அடிவாரத்தில் கோமோ என்னும் நகரம் இருக்கிறது. அதனைப் பற்றி இன்று நாம் அறிந்து கொள்வோம்.

நகரின் பெயரே அங்குள்ள ஏரிக்கும் பெயர். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பனிக்கட்டியாறு மலையிடையே குடைந்த பள்ளம் அது. ஆழம் 400 மீட்டருக்கும் அதிகம். படத்தில் பார்த்தால், கால்களை அகற்றி நிற்கும் மனிதனைப் போலத் தோன்றும். தலைப்பக்கத்தில் அட்டா என்னும் ஆறு வந்து சேர்கிறது. கிழக்குக் காலின் வழியாக வெளியேறுகிறது. கோமோ இருப்பது மேற்குக் காலின் முனையில். அங்கே நீர் வெளியேற வழி கிடையாது. ஆகவே பெருமழை காலத்தில் ஏரிநீர் சில வேளை நகரச் சதுக்கத்துக்குள்ளேயே புகுந்து விடும்.

கி.மு. 59-இல் ஜூலியஸ் சீசர் இங்கே மக்களைக் குடியேற்றினார். பின்னர் இவ்வூரில் பிறந்தவர் இளைய பிளினி என்னும் அறிஞர். சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், உள்ளூர்ச் சிறுவன் ஒருவன் தந்தையோடு அவரைக் காண வந்தான். எங்கே படிக்கிறாய் என்று கேட்டார். மிலான் நகரில் என்றான். ஏன் சொந்த ஊரில் படிக்கவில்லை என்றதற்கு, இங்கே ஆசிரியர்கள் இல்லை என்று பதில் வந்தது.

பிளினிக்குப் பிள்ளைகள் இல்லை. ஆயினும், ஆசிரியர் சம்பளத்துக்குப் பெற்றோர் திரட்டும் தொகையில் மூன்றில் ஒரு பங்கைத் தாம் தருவதாகச் சொன்னார். முழுவதையும் தர அவரால் முடியும். ஆனால், தம் கைப்பணம் சேர்ந்திருந்தால்தான் பெற்றோர் நல்ல ஆசிரியரைத் தேடிப் பிடிப்பார்கள். இல்லாவிடில் அக்கறை குறைந்துவிடும் என்று அவர் கருதினார். இதனைத் தம் நண்பர் டாசிட்டஸுக்கு எழுதிய கடிதத்தில் அவரே விளக்கியுள்ளார்.

1127-இல் மிலான் படை கோமோவை அழித்தது. சில பத்தாண்டுகளில் ஊர் மீண்டும் எழுந்தது. பிற்காலத்தில் பட்டுத் தொழில் அதற்குப் பெயர் தந்தது. முசுக்கட்டை இலை பறித்துப் புழு வளர்த்ததும், கொதிநீரில் கூடுகளை இட்டு நூல் எடுத்ததும் பெரும்பாலும் ஏழைப் பெண்களே.

1745-இல் இங்கே பிறந்தவர் அலெசாந்திரோ வோல்டா. இவ்வூர்ப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தார். துத்தநாகம், வெள்ளித் தகடுகளை மாறி மாறி அடுக்கி, இடையே உப்புநீரில் நனைத்த அட்டையை வைத்து மின்சாரம் எடுத்தார். இதனை 1800-இல் உலகுக்கு அறிவித்தார். நம் டார்ச் விளக்கில் போடும் பேட்டரிக்கு முன்னோடி அதுவே.

நேயர்களே, பிளினி கேட்டது பணம் மட்டுமல்ல, அக்கறையும்தான். பள்ளியை ஆசிரியர் பார்த்துக் கொள்வார் என்று நாம் இருந்துவிடலாமா? வேலை முடிந்து களைப்போடு வந்தாலும், பிள்ளையின் ஏட்டை ஒரு முறை திறந்து பார்ப்போம். மாதம் ஒரு தடவையாவது பள்ளிக்குச் சென்று ஆசிரியரிடம் பேசுவோம். அதுவே நம் பங்கு.